பாத்திரமறிந்த தானம்

தானம் செய்வோன் தேசம், காலம், பாத்திரம் ஆகிய மூன்றையும் ஆராய வேண்டுமென்று கீதையின் 17-ஆம் அத்தியாயம் விதிக்கிறது. ஆனால் அங்கே கொடுப்பவன் தன் பொருளையன்றோ கொடுக்கிறான்! 1953-இல் தேசியமயமாகி, பின்னாளில் நஷ்டத்தில் மூழ்கிய ஏர் இந்தியாவுக்கு, 2012-இல் சுமார் 30,000 கோடி ரூபாய் மூலதனத்தைப் படிப்படியாக வழங்க அரசாங்கம் இசைந்தபோதோ, விமானத்தை அண்ணாந்து பார்த்ததேயன்றி அதில் ஏறியறியாத உழவனும், தான் வாங்கிய தீப்பெட்டிக்குச் செலுத்திய வரியின் வாயிலாக, சம்மதம் கேட்கப்படாமலே கொடையாளியானான். ஊழியர் குடும்பங்களை நினைத்தால் மனம் இளகுகிறது, மெய்தான். எனினும் நம் கருணையின் செலவை அயலான் தலையில் ஏற்றினால் அது புண்ணியமாகுமா? அதற்கு மாறாக, விமானக் கட்டணத்தை உயர்த்துவது கடுமையாகத் தோன்றினும், போகத்தை அனுபவிப்பவனே அதன் பாரத்தையும் சுமக்கும் நியாயம் அதிலே இருக்கிறது. 2022 ஜனவரியில் நிறுவனம் டாட்டாக்களிடம் திரும்பியபோதும், கடனில் பெரும்பகுதி அரசாங்கத்தின் கணக்கிலேயே தங்கிவிட்டது.