இரண்டாவது ஆள்

கோல்கொண்டா கோட்டைக்குப் போகிறவர்கள் ஃபதே தர்வாஸா வாயிலில் கைதட்டிப் பார்க்காமல் வருவதில்லை. குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று வழிகாட்டி கையைத் தட்டுவார். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, மலையுச்சியில் இருக்கும் பாலா ஹிஸார் மண்டபத்தில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். குதுப் ஷாஹி மன்னர்கள் காலத்தில் இது விளையாட்டல்ல, காவல் ஏற்பாடு. மேலே நிற்கிற காவலனுக்கு வந்தவனின் முகம் தெரியாது. நண்பனா பகைவனா, ஒருவனா பத்துப் பேரா, எதுவும் தெரியாது. யாரோ வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

த்ரில்லர் படம் எடுக்கிறவருக்கு வேண்டியதும் அவ்வளவுதான். பார்வையாளரிடம் ஒரு சத்தத்தைக் கொடுத்துவிட்டு, சத்தம் போட்டவரை மறைத்துவிட வேண்டும். மாடிப்படியில் காலடி, தாழ்ப்பாள் அசைவு, எடுத்தால் யாரும் பேசாத தொலைபேசி. படம் அதுவரை சொல்லாத கதையை மனம் தானாகவே சொல்லத் தொடங்கிவிடும். இதைத் திரைக்கதை உத்தி என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியவில்லை. காணாத ஒன்றுக்கு மனிதன் ஏன் இப்படி அஞ்சுகிறான் என்பது, நம் தத்துவ மரபு மிகப் பழங்காலத்திலேயே கேட்டுவிட்ட கேள்வி.

பிருகதாரண்யக உபநிடதத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி வருகிறது. ஆதியில் ஆன்மா மட்டுமே இருந்தது. தனியாக இருந்ததால் அதற்குப் பயம் வந்தது. பிறகு அது யோசித்தது: என்னைத் தவிர வேறு எதுவுமே இல்லையே, நான் எதற்கு அஞ்ச வேண்டும்? பயம் போய்விட்டது. இரண்டாவதாக ஒன்று இருந்தால்தான் அச்சம் என்று உபநிடதம் முடிவு சொல்கிறது. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது முடிவை அல்ல, தொடக்கத்தை. இரண்டாவது ஆள் வருவதற்கு முன்பே, ஒருவரும் இல்லாத இடத்திலேயே, பயம் வந்துவிட்டது. தனிமையே ஓர் இரண்டாவது ஆளைக் கற்பித்துக்கொள்கிறது.

ஹைதராபாத் அமீர்பேட்டையில் வீடியோ கடை நடத்தி, அங்கிருந்து சினிமாவுக்குள் வந்த ராம்கோபால் வர்மா 1999இல் இந்தியில் எடுத்த ‘கௌன்’ இந்தக் காட்சியை அப்படியே ஒரு வீட்டுக்குள் கொண்டுவருகிறது. வெளியே பெருமழை. ஊருக்குள் ஒரு கொலைகாரன் திரிவதாகத் தொலைக்காட்சிச் செய்தி. பெரிய வீட்டில் ஊர்மிளா மாதோண்ட்கர் தனியாக இருக்கிறார். அழைப்பு மணி அடிக்கிறது. யாரோ மல்ஹோத்ராவின் வீட்டைத் தேடி வந்திருப்பதாக மனோஜ் பாஜ்பாய் வாசலில் நிற்கிறார். இல்லை என்று சொல்லி அனுப்பிய பிறகும் மணி அடிக்கிறது. மறுபடியும் அடிக்கிறது. பாட்டு கிடையாது. நடிகர்களும் மூன்றே பேர். மழைச் சத்தம் மற்ற எல்லா ஒலிகளையும் மூடிக்கொண்டே இருப்பதால், மணி ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அந்த ஒன்றை மட்டும் நாம் பற்றிக்கொள்கிறோம். வாசலில் நிற்பவன் யார் என்ற கேள்வியிலேயே படம் முழுக்க நம்மைக் கட்டிப்போட்டுவிட்டு, கடைசியில் கொலைகாரி அவள்தான் என்று சொல்கிறார் வர்மா. வெளியே காது வைத்துக் காத்திருந்தோம். ஆபத்து உள்ளேயே இருந்தது.

கோல்கொண்டாவுக்கு நடந்ததும் இதுதான். ஔரங்கசீப்பின் படை 1687இல் ஏறக்குறைய எட்டு மாதம் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. உள்ளே இருந்த அதிகாரி ஒருவரே விலைபோய், இரவில் வாயிலைத் திறந்துவிட்ட பிறகுதான் விழுந்தது. குவிமாடம் வெளியாளின் வரவைச் சொல்லும். உள்ளிருப்பவனின் மனத்தைச் சொல்லாது.

ஆபத்தை உள்ளேயே வைக்கும் இந்த உத்தியைத் தமிழ்த் திரையில் வெகு முன்னதாகவே கையாண்டவர் வீணை எஸ். பாலசந்தர். 1954இல் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ படத்தில் பாடலே இல்லை. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல்! வாழ்நாள் முழுக்க நாதத்தோடு வாழ்ந்த ஒருவர், பாட்டை விலக்கிவிட்டு ஒரு துப்பாக்கிச் சத்தத்தில் படத்தைத் தொடங்கினார். சத்தம் ஒன்று, அதிலிருந்து ஒவ்வொருவரும் ஊகித்துச் சொல்லும் கதைகள் பல. இங்கேயும் விடை வீட்டுக்குள்தான் இருக்கிறது.

நியாய வைசேஷிக தத்துவவாதிகள் ஒலியைப் பற்றி நுட்பமான ஒன்றைச் சொன்னார்கள். ஒலி ஆகாயத்தின் குணம். தோன்றிய இடத்திலிருந்து அது கடம்ப மொட்டின் இழைகளைப் போல எல்லாத் திசையிலும் அடுத்தடுத்த ஒலிகளைப் பிறப்பித்துக்கொண்டே போகிறது. நம் செவியில் பிறக்கும் கடைசி ஒலியைத்தான் நாம் கேட்கிறோம். அப்படியானால் மூலத்தை நாம் ஒருபோதும் கேட்பதில்லை, அதை அனுமானிக்கிறோம். ஃப்ரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த ‘எம்’ படத்தில் குழந்தைகளைக் கொல்பவனை அடையாளம் காட்டுவது பார்வையற்ற பலூன் வியாபாரி. கொலைகாரன் சீட்டியடிக்கும் மெட்டு ஒன்றே அவருக்குப் போதுமான சான்றாக இருக்கிறது.

இன்று திரையரங்குகளில் கேட்கிற திகில் பெரும்பாலும் வேறு வகை. நீண்ட அமைதி, திடீரென்று காதைக் கிழிக்கும் ஓர் இடி. உடம்பு தூக்கிப்போடும், பாப்கார்ன் சிதறும். பரதரின் நாட்டிய சாஸ்திரம் இதைத் தனியாகவே பிரித்து வைத்திருக்கிறது. மின்னல், இடி போன்றவற்றால் சட்டென்று வருகிற திடுக்கிடல் திராசம்; அது வந்து போகிற முப்பத்து மூன்று பாவங்களில் ஒன்று. ஐயத்தோடு காத்திருக்கும் சங்கையும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. பயமோ நிலைத்து நிற்கும் எட்டு பாவங்களில் ஒன்று, ஒரு ரசமாகவே கனியக்கூடியது. பயானக ரசத்துக்குக் காரணமாகப் பரதர் சொல்வனவற்றில் விகாரமான ஓசைகளும், நரி ஆந்தைகளின் குரலும், ஆளில்லாத வீடும் இருக்கின்றன. இடியை மட்டும் நம்பும் இயக்குநர் திராசத்தோடு நின்றுவிடுகிறார். அடுத்த காட்சியிலேயே நாம் அதை மறந்துவிடுகிறோம். இது ஒலிப்பதிவுக் கருவிகளின் குறை அல்ல. காத்திருக்க மனமில்லாத குறை.

அச்சத்தை எப்படி ரசிக்க முடிகிறது என்பதற்கும் பதில் உண்டு. காஷ்மீரச் சைவ ஞானியான அபிநவகுப்தர், சாகுந்தல நாடகத்தில் துஷ்யந்தனின் தேருக்கு முன்னே உயிர் பிழைக்க ஓடும் மானை எடுத்துக்காட்டுகிறார். அதைக் காண்கிற நேரத்தில் பயப்படுவது மானா, நாமா? அந்தப் பயம் இன்னாருடையது, இந்த இடத்தது, இந்தக் காலத்தது என்ற கட்டுகளிலிருந்து விடுபட்டுவிடுகிறது என்கிறார் அவர். தனக்கு வந்த பயம் துன்பம். பொதுவாகிவிட்ட பயம் சுவை. இருட்டில் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானோர் ஒரே காலடியோசைக்கு ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொள்வதை இதைவிடச் சரியாக யாரும் விளக்கிவிடவில்லை.

2017இல் சங்கல்ப் ரெட்டி தெலுங்கிலும் இந்தியிலும் எடுத்த ‘காஜி’ இந்தப் பொதுவான அச்சத்தை நீருக்குள் கொண்டுபோகிறது. நீர்மூழ்கியில் ஜன்னல் இல்லை. எதிரி எங்கே என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். சோனார் ஹெட்ஃபோனை அணிந்தவரின் முகத்தையே மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாமும் பார்க்கிறோம். அவருக்குக் கேட்டது நமக்குக் கேட்கும் முன்பே, அவர் புருவம் நெரிவதில் நமக்குப் பயம் வந்துவிடுகிறது. படத்துக்கு இசை, தமிழில் ‘யுத்தம் செய்’ படத்துக்கு இசையமைத்த ‘கே’ என்பவர். பல இடங்களில் வாத்தியங்களைவிட இரும்புச் சுவர் அழுத்தத்தில் முனகுவதுதான் அதிகம் வேலை செய்கிறது.

அந்தப் படத்துக்குப் பின்னாலுள்ள உண்மைச் சம்பவமும் ஒரு சத்தம்தான். 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது, டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக் கடலோரத்தில் பெரும் வெடிச்சத்தம் கேட்டது. பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி மூழ்கியிருந்தது. ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய வெடிகுண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பு. தற்செயலான வெடிப்பு என்பது பாகிஸ்தான் தரப்பு. கேட்ட ஒலி ஒன்று. அரை நூற்றாண்டு கடந்தும் அனுமானம் இரண்டாகவே நிற்கிறது. திரைப்படம் தனக்கு வேண்டிய ஒரு விடையைத் தேர்ந்துகொண்டது. அது கதைக்குள்ள உரிமை. ஆனால் உள்ளே இருந்தவர்களும் அன்றிரவு நம் கப்பல்களின் ஓசைக்குக் காதுகொடுத்தபடிதான் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு இரண்டாவது ஆள் நாம். அவர்களில் ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை.