துவக்கின் ஞாபகம்

பெரியநீலாவணையில் முன்னாள் ஊர்காவற்படையினர் சிலரோடு அண்மையில் அமர்ந்திருந்தோம். பேச்சு துவக்குகளையே சுற்றியது. குழல்வாயில் மருந்தும் ஈயச் சன்னமும் இட்டு இடித்து நிரப்பும் இடியன். தோளைக் குத்தும் வேட்டைத் துவக்கு. பின்னர் சீனத்து ரி-56. ஒவ்வொன்றின் பாரமும் சத்தமும் அவர்களுக்கு மனப்பாடம். ரி-56 என்ற பெயரிலுள்ள எண் 1956ஆம் ஆண்டைக் குறிப்பது. தனிச்சிங்களச் சட்டமும் கல்லோயாக் கலவரமும் அவ்வாண்டினவே; அவ்வெண்ணைத் தோளிற் சுமந்தோர் அதைப் பேசவில்லை.

உயிர்காத்த கருவியை நினைப்பது குற்றமன்று. ஆயினும் அக்குழலின் முன் நின்றவனை நினைப்பதுண்டா? கேட்டே விட்டோம்.

“இருட்டு தம்பி, முகம் விளங்கல்ல” என்றார் மூத்தவர்.

சற்று மௌனம். அடுத்தவர் மீண்டும் இடியனின் கதையைத் தொடங்கினார்.