உடையும் வாளின் நியாயம்

நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச்சில் வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ வீடியோ கேமைக் கொண்டாடியவர்களில் பலருக்கும் அதில் ஒரு மனக்குறை உண்டு. நூறாண்டுத் தூக்கத்திலிருந்து விழிக்கும் வீரன் லிங்க், பாழடைந்த ஹைரூல் நாட்டில் தேடித் தேடிச் சேர்க்கும் வாளும் வில்லும் கேடயமும் சில சண்டைகளிலேயே நொறுங்கிவிடுகின்றன. இயக்குநர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷியின் குழு செய்த இந்த ஏற்பாடுதான் அந்த விளையாட்டின் ஆகச் சிறந்த சிந்தனை என்பது என் கருத்து. எதையும் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பூட்டிவைக்கும் மனதோடு அது நேராக வாதிடுகிறது.

சாகச விளையாட்டுகளில் அரிய மருந்தையும் அம்பையும் பெரிய சண்டைக்கென்று ஒதுக்கிவைத்து, கடைசிவரை தொடாமலேயே ஆட்டத்தை முடிப்பவர்கள் ஏராளம். இங்கே அது எளிதில் நடக்காது. பையில் இடம் குறைவு. அது நிறைந்திருக்கும்போது பெட்டியில் நல்ல வாள் ஒன்று கிடைத்தால், இருப்பதில் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பதுக்கியதே இழப்பாகிறது. ஆயுதம் உடைகிற அந்தக் கடைசி அடிக்கு இரு மடங்கு வலிமை வேறு. எல்லாம் தீர்ந்துபோன கையோடு நிற்பவருக்குச் சுற்றுப்புறம் துலங்குகிறது: மலைமேல் கிடக்கும் பாறையை எதிரிகள்மீது உருட்டலாம், காய்ந்த புல்லுக்குத் தீ வைத்து, எழும் வெப்பக் காற்றில் மேலே போகலாம், இடிமழையில் இரும்பு வாளை எதிரிகளிடையே வீசி மின்னலை அங்கே இறக்கலாம்.

பழகிய கருவியோடு வரும் பிணைப்புக்கு இதில் மதிப்பில்லையா என்று கேட்கலாம். உண்டு. மாண்ட நான்கு வீரர்களின் நினைவாகக் கிடைக்கும் ஆயுதங்கள் உடைந்தால், வைரம் கொடுத்து மீண்டும் செய்துகொள்ளலாம். ‘மாஸ்டர் வாள்’ என்ற சிறப்பு வாள் உடைவதே இல்லை. ஓய்ந்து, 10 நிமிடங்களில் மீள்கிறது. எதைக் காப்பது, எதைச் செலவழிப்பது என்ற பாகுபாடு விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. விளையாட்டில் எதிரியை வீழ்த்தினால் அவன் ஆயுதம் நமக்கு. வாழ்க்கையில் இழந்தது திரும்ப வரும் என்று யார் உறுதி சொல்வது? குறைந்த வருமானத்தில் நாளைக்கென்று எடுத்துவைப்பவரைப் பேதை என்பது அநியாயம். ஆனால் அவருடைய சேமிப்புக்குப் பெயர் இருக்கிறது: பிள்ளையின் படிப்பு, மருத்துவச் செலவு. நான் எதிர்ப்பது, எந்த நாளுக்கு என்று சொல்லத் தெரியாத பத்திரப்படுத்தலை. மேலும், ஹைரூலில் தொடாத வாள் துருப்பிடிப்பதில்லை. நம் உலகம் இன்னும் கறாரானது: பீரோவில் உறங்கும் பட்டுப்புடவை மடிப்பிலேயே இற்றுப்போகிறது. திறமையும் உடல்வலுவும் அன்பைச் சொல்லும் வாய்ப்பும் அப்படித்தான். எப்படியும் தேயப்போகிறவை, ஒருவருக்குப் பயன்பட்டுத் தேயட்டும்.