மூன்று கடிகாரங்களும் ஒரு காசோலையும்

வாஷிங்டன் நகரை ஒட்டிய வர்ஜீனியா, மேரிலாந்துப் புறநகர்களில் ஜூன், ஜூலை மாதச் சனிக்கிழமை என்றால், காலையிலேயே நீச்சல்குளக் கரை நிரம்பிவிடும். 8 வயதுக்கு உட்பட்ட பொடிசுகள் முதல் 18 வயதுப் பிள்ளைகள் வரை, அக்கம்பக்கத்துக் குடியிருப்பு அணிகளுக்கிடையே போட்டி. வடக்கு வர்ஜீனியா நீச்சல் லீக் 1956-இல் தொடங்கியது. இன்று அதில் 100-க்கும் மேற்பட்ட அணிகள். ஒலிம்பிக்கில் 9 தங்கம் வென்ற கேட்டி லெடெக்கி, 6 வயதில் நீந்தத் தொடங்கியதும் மேரிலாந்தில் இப்படியொரு கோடைக்கால அணியில்தான்.

பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு. மற்றபடி கரையில் ஓடியாடும் பெரியவர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் பெற்றோர். பந்தய எண்ணையும் லேன் எண்ணையும் பிள்ளையின் கையில் மார்க்கரால் எழுதுவது ஒரு அம்மா. நின்ற இடத்தில் நிற்காத ஆறு வயதுகளைப் பிடித்து வந்து, வரிசைப்படி பெஞ்சில் உட்காரவைப்பது ஒரு அப்பா. பட்டர்ஃப்ளையில் இரண்டு கையும் ஒன்றாகச் சுவரைத் தொடவில்லை என்றால் தகுதிநீக்கச் சீட்டு எழுதுபவரும் பெற்றோர்தான். எதிர்வீட்டுப் பையனாகவே இருந்தாலும் எழுதியாக வேண்டும். சாயங்காலம் அந்த வீட்டாரைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டும்.

ஆள் அதிகம் தேவைப்படுவது நேரம் எடுப்பதற்கு. லேனுக்கு 3 பேர், 6 லேனுக்கு 18 பேர். தொடக்க ஒலியைக் கேட்டு அல்ல, அதோடு மின்னும் வெளிச்சத்தைப் பார்த்து ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். ஒலி காதுக்கு வந்துசேரக் கொஞ்சம் பிந்தும். மூன்றில் இரண்டு கடிகாரம் ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் மூன்று விதமாகக் காட்டினால், நடுவில் உள்ளது.

சின்னப் பிள்ளைகளின் பந்தயத்துக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றலாம். ஆனால் கடிகாரத்தை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1960 ரோம் ஒலிம்பிக், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு மூன்று கடிகாரங்கள் காட்டியது 55.0, 55.1, 55.1 விநாடி. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்றுமே 55.2. தங்கம் போனது டெவிட்டுக்கு! கண்ணால் பார்த்த நடுவர்களின் கணிப்புக்கே அன்று மதிப்பு. மின்னணு நேரக்கணிப்பு வேண்டும் என்ற குரல் வலுத்ததற்கு அந்தச் சர்ச்சையும் ஒரு காரணம்.

சரி, குளக்கரை வேலைக்கு இத்தனை பெற்றோரைத் திரட்டுவது எப்படி? பல அணிகள், பெயர் பதியும்போதே ஒரு காசோலையை வாங்கி வைத்துக்கொள்கின்றன. சொன்ன வேலையைச் செய்தால் காசோலை திரும்ப வரும். செய்யாவிட்டால் வங்கிக்குப் போகும். சில அணிகளில் இன்னொரு வழியும் உண்டு: முன்கூட்டியே ஒரு தொகை கட்டிவிட்டால் வேலையே கிடையாது.

இந்த இரண்டாவது வழியில்தான் வில்லங்கம். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் நடந்த ஓர் ஆய்வைப் பொருளியலாளர்கள் யூரி க்னீசியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் 2000-இல் வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. காசு கட்டியாயிற்று, இனி எதற்குக் கூச்சம் என்ற நினைப்பு. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை.

குளக்கரையிலும் அப்படித்தான் ஆகும். பணம் கட்டியவர் குடைக்கடியில் சாய்ந்திருக்க, கட்ட முடியாதவர் வெயிலில் கடிகாரம் பிடிப்பார். காசோலை முறை அவ்வளவு மோசமில்லை. ஆனால் சனிக்கிழமையும் பணிக்குப் போகும் செவிலியர், கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய் ஆகியோரிடம் அதே காசோலையைக் கேட்பது நியாயமாகாது. பரிசு ரிப்பனில் பெயர் ஒட்டுவது, தன்னார்வலர் பட்டியலைத் தயாரிப்பது என வார நாளில் வீட்டிலிருந்தே முடிக்கக்கூடிய வேலைகளும் அணியில் இருக்கின்றன. அவற்றை முதலில் அவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மற்றவர்களுக்குப் பங்கிடலாம். போட்டி தொடங்கும் சனிக்கிழமை காலையில் ஒலிபெருக்கியில் கெஞ்சிக்கொண்டிராமல், இந்தப் பங்கீட்டைப் பெயர்ப் பதிவின்போதே செய்துவிடலாம்.