காரணம் என்ற சொல்

அக்காவின் பையனுக்கு ஒன்றரை வயதாகியும் கால் ஊன்றி நிற்கவில்லை. செரிப்ரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில் அக்கா ஒரு நோட்டில் பட்டியல் எழுத ஆரம்பித்தாள். நாலாம் மாதம் பப்பாளி சாப்பிட்டது. ஆறாம் மாதம் ஸ்ரீரங்கம் மாமியார் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி உறையூர் வந்தது. சத்து மாத்திரை போட மறந்த நாட்கள். ஏழாம் மாதம் மலைக்கோட்டைப் படி ஏறியது.

கடைசி வரி என்னை உறுத்தியது. காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் நின்றுவிட, அவள் உருவில் சிவனே வந்து ரத்னாவதிக்குப் பிரசவம் பார்த்தார் என்பது மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை. சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்வார்கள். அக்கா படி ஏறியதும் அதற்காகத்தான். அப்போது அனுப்பிவைத்த அதே உறவுக்காரர்கள் பிறகு, "வயித்துப் புள்ளையோட யாராவது அத்தனை படி ஏறுவாங்களா?" என்றார்கள்.

நான் மட்டும் யோக்கியனா? பெங்களூரிலிருந்து போனில் நான் கேட்ட முதல் கேள்வி, "வலி வந்ததும் ஏன்க்கா உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பல?"

தமிழில் 'காரணம்' என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. 'மழைக்குக் காரணம்' என்றால் விளக்கம். 'இதுக்கு நீதான் காரணம்' என்றால் தீர்ப்பு. விளக்கம் கேட்கிறோம் என்ற நினைப்பில் நான் கேட்டது தீர்ப்பைத்தான்.

லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் 1862-ல் வெளியான கட்டுரையில், பிரசவத்தின்போது ஏற்படும் மூச்சுத்திணறலையும் கடினமான பிரசவத்தையும் குறைமாதப் பிறப்பையும் இந்த நிலையோடு இணைத்தார். 1897-ல் ஃபிராய்டு, ஆம், மனப்பகுப்பாய்வு ஃபிராய்டேதான், கடினமான பிரசவமே அதற்கு முன்பு கருவில் நேர்ந்த ஏதோ ஒன்றின் விளைவாக இருக்கலாம் என்று எழுதினார். 1986-ல் கரின் நெல்சனும் ஜோனஸ் எல்லன்பெர்க்கும் அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் தரவுகளை ஆராய்ந்தார்கள். பிரசவ நேர மூச்சுத்திணறலால் விளக்க முடிந்தது ஒரு சிறு பகுதியைத்தான். வளர்ந்த நாடுகளில் பிரசவ அறைக்குள் சிசுவின் இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் கருவிகள் வந்தன, சிசேரியன் பல மடங்கு கூடியது. இருந்தும் மூளை முடக்குவாதம் பல பத்தாண்டுகளுக்கு 1,000 குழந்தைகளுக்கு 2 என்ற அளவிலேயே நின்றது.

குறைமாதம், எடைக்குறைவு, இரட்டைக் கரு, கர்ப்பகாலத் தொற்று, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, பிறந்ததும் வரும் கடும் மஞ்சள் காமாலை, மரபணு மாற்றம். இவற்றை 'ஆபத்துக் காரணிகள்' என்கிறோம். ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் புலப்படும் சாய்வுகள் இவை. குறைமாதத்தில் பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வருவதில்லை. வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நிறைமாதத்தில் பிறந்தவர்கள். ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் காரணிக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. ஒன்பது மாதமும் உடனிருந்தவள் தாய் ஒருத்திதான். அதனால் அது அவள் முகமாகிவிடுகிறது.

அப்படியென்றால் காரணமே தேடக் கூடாதா? தேடியதால்தான் ரூபெல்லா தடுப்பூசியும், மஞ்சள் காமாலைக்கு ஒளிச் சிகிச்சையும், மிகக் குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் மெக்னீசியம் சல்பேட்டும் வந்தன. அலட்சியம் நடந்திருந்தால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். கேள்வி, எதற்காகத் தேடுகிறோம் என்பது.

என் வேலையில் சர்வர் விழுந்தால் 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' நடத்துவோம். யாரையும் குற்றம் சொல்லாத விசாரணை. இதைக் கருணை என்று நினைத்திருந்தேன். தண்டனை உண்டு என்று தெரிந்தால் தப்பான கமாண்டைத் தட்டியவன் வாயைத் திறக்கமாட்டான் என்பதுதான் இதற்குள் இருக்கும் கணக்கு.

அக்கா இரண்டாவது முறை கர்ப்பமானபோது கூடப் போனேன். முந்தைய கர்ப்பத்தில் காய்ச்சல், தொற்று ஏதாவது இருந்ததா என்று மருத்துவர் கேட்டார். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சாம் மாசம் மூணு நாள் காய்ச்சல்டா. அத்தை வேணாம்னு சொல்லியும் கரூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன். அதுக்கப்புறம்தான். நோட்டுலகூட எழுதல."

பப்பாளியை எழுதியவள், ஸ்கூட்டரை எழுதியவள், உண்மையிலேயே ஒரு மருத்துவர் கேட்கக்கூடிய ஒரே விஷயத்தை எழுதவில்லை. அந்தக் காய்ச்சல்தான் செய்தது என்று எந்த மருத்துவராலும் இனி சொல்ல முடியாது. ஆனால் அடுத்த குழந்தைக்காக ஒருவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவள் வாயை அடைத்ததில் என் போன் கேள்விக்கும் பங்கு உண்டு.

"உள்ள போய்ச் சொல்லிடலாம்க்கா. நானும் வரேன்."

சொன்னாள். மருத்துவர் தலை நிமிரவில்லை. எத்தனை நாள், எவ்வளவு காய்ச்சல், உடம்பில் தடிப்பு இருந்ததா என்று கேட்டு ஒரு வரி எழுதிக்கொண்டார். பிறகு, "சாப்பாடு எப்படி இறங்குது?" என்று அடுத்த கேள்விக்குப் போனார்.