யார் செய்த கூடு?

ஜபமாலையில் மணிகள் 108 ஆனது ஏன் என்று கேட்கும் இளையோர்க்கு நம் பெரியோர் கூறும் விடை, உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தை ஒட்டியது. ஒரு செயலைச் செய்யக் கருதுதல் சம்ரம்பம். அதற்குரிய கருவிகளைத் திரட்டுதல் சமாரம்பம். செய்யத் தொடங்குதல் ஆரம்பம். இம்மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றின் வழியே நிகழ்வன. அவை தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என மீண்டும் மூன்றாக விரியும். வெகுளி, செருக்கு, மாயை, உலோபம் ஆகிய நான்கு கஷாயங்களாலும் பெருக்கினால் 108 வரும்.

கொலை, களவு முதலிய பெருந்தீவினைகளுக்கே இக்கணக்கைப் பொருத்திப் பார்த்து நாம் பழகிவிட்டோம். சென்ற பங்குனியில் ஒரு சிறு மரப்பெட்டி இதனை நம் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து சேர்த்தது.

2010ஆம் ஆண்டு முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. ஓட்டு வீடுகளும் கூரை இடுக்குகளும் மறைந்துவரும் நகரங்களில், குருவி குடியிருக்க மரக்கூடு செய்து மாட்டும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. சென்னையில் 'கூடுகள்' என்னும் அறக்கட்டளையினர் பள்ளிதோறும் சென்று மாணவர்களுக்கு இக்கூடு செய்யக் கற்பிக்கின்றனர். நான்கு ஆண்டுகளில் இவ்வமைப்பு 10,000 கூடுகள் உருவாக்கியதாக 2024 நவம்பரில் பிரதமர் தமது 'மனதின் குரல்' வானொலி உரையில் குறிப்பிட்டார். அச்செய்தியை நினைவில் வைத்திருந்த நாம், முதல் வகுப்புப் படிக்கும் ஆறு வயதுப் பேத்திக்காக, கூட்டுக்கு வேண்டிய பலகைகள் அளவாய் அறுத்து வைக்கப்பட்ட பெட்டி ஒன்றை வாங்கி வந்தோம். பலகைகளுடன் நெட்டையும் குட்டையுமாக இருவகைத் திருகாணிகள், சிறு திருப்புளி, உப்புத்தாள், ஒரு குப்பிப் பசை ஆகியன இருந்தன. பசையைப் பற்றி மட்டும் வாங்குமுன் விசாரித்துக்கொண்டோம். பழைய தச்சுப் பட்டறைகளில் காய்ச்சிய வச்சிரம் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்பட்டது என்பதை நம்மவர் பலர் அறிவர். இக்காலத்து வெண்பசை இரசாயனத்தால் ஆனது. அவ்வகையில் கவலை இல்லை.

ஞாயிறு பிற்பகல் முழுதும் குழந்தை உழைத்தாள். பசை வேண்டிய இடத்தில் ஒரு பங்கும் வேண்டாத இடத்தில் மூன்று பங்கும் வழிந்தது. கூரைப் பலகை ஒருபக்கமாய்ச் சாய்ந்து, தொப்பியைக் கோணலாய் வைத்த பிள்ளையைப் போல் கூடு நின்றது. அவளோ அதனைத் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டே உறங்கினாள்.

இங்கே நம்மைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்பு நாடித் திருப்பூர் வந்த நாம், முப்பது ஆண்டுகள் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றோம். விளக்கின் கீழ் விரித்த துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், கோணிய காலர் ஆகியவற்றைத் தேடித் தேடிப் பழகிய கண் இது. அன்றிரவு அக்கண்ணுக்கு உறக்கம் வரவில்லை. மெல்ல எழுந்து கூட்டை எடுத்து, திருகாணிகளைக் கழற்றி, வழிந்த பசையைச் சுரண்டி, கூரையை நேராக்கி, உப்புத்தாளிட்டுத் தேய்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம். நல்லது செய்தோம் என்ற நிறைவோடு படுத்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

காலையில் அவள் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தாத்தா, இது நான் செய்ததா, நீங்கள் செய்ததா?" என்றாள். "நீ செய்ததுதான் கண்ணு, தாத்தா கொஞ்சம் சரி செய்தேன்" என்றோம். "அப்படியானால் இது உங்களுடையது" என்று நம் கையில் கொடுத்துவிட்டுப் பல் துலக்கப் போய்விட்டாள். அழவில்லை, கோபிக்கவுமில்லை. அதுதான் நம்மை வெகுநேரம் உட்கார்த்தி வைத்தது.

108இல் நம் செயல் எந்த மணி? செய்தது மெய்யால், செய்தவர் நாமே. கஷாயம் எது என்று தேடினால், அன்பு என்று சொல்லிக்கொள்ளத்தான் மனம் விரும்புகிறது. ஆனால் அன்பு இரவில் ஒளிந்து செய்ய வேண்டிய தொழிலன்று. நம் வீட்டு வாசலில் கோணலான கூடு தொங்கினால் பார்ப்பவர் என்ன நினைப்பர் என்ற செருக்கும், குழந்தை கண்டுகொள்ளமாட்டாள் என்ற மாயையும் அங்கே இருந்தன. "நீ செய்ததுதான்" என்ற சொல் மொழியால் வந்த மூன்றாவது குற்றம்.

இத்தகைய பெட்டியில் இன்னொரு நுட்பமும் உண்டு. கூடு இப்படி இருக்க வேண்டும் என்று கருதியவர் எவரோ ஒருவர். பலகை அறுத்துத் துளையிட்டுக் கருவிகளைத் திரட்டித் தந்தவர் வேறொருவர். சம்ரம்பத்திலும் சமாரம்பத்திலும் பெரும்பங்கு முன்பே பிறர் கையால் முடிந்துவிட்டது. ஆரம்பம் ஒன்றே குழந்தைக்கு எஞ்சியது. அந்த எஞ்சிய ஒன்றையும் நாம் எடுத்துக்கொண்டோம். திருப்பூரில் வாழ்வோருக்கு இது புதிதன்று. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், வெட்டுதல் ஓரிடம், ஓவர்லாக் ஒருவர், காஜா ஒருவர் எனப் பிரிந்து செல்லும் இத்தொழிலில் 'இந்தச் சட்டையை நான் செய்தேன்' என்று சொல்லத் தக்கவர் எவரும் இலர். அதனால்தானோ என்னவோ, ஒரு பொருளை முழுதும் தன்னுடையது என்று கொண்டாடும் மனம் எத்தன்மையது என்பதே நமக்கு மறந்துபோயிற்று.

சொல்லத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். திருப்பூரில் 'கைமடி' என்று ஒரு வேலை உண்டு. தைப்பவரின் அருகே நின்று துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்ததை மடித்து அடுக்குவதும் அவ்வேலை. நாம் பணியில் சேர்ந்த காலத்தில் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவரும் சிறுமியரும் பலர் கைமடிகளாக இருந்தனர். 1986ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயது நிறையாதவரைக் குறிப்பிட்ட சில தொழில்களில் மட்டும் அமர்த்தக் கூடாதென்றது. 2016இல் வந்த திருத்தமே, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுதல் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, எல்லாத் தொழில்களுக்கும் அத்தடையை விரித்தது. அச்சிறுவர்களை வேலைக்கு வைத்தவர்கள் நாமல்லர். ஆயினும் அவர்கள் மடித்தவற்றைப் பிரித்துப் பார்த்து, மடிப்புக் கோணினால் 'திரும்ப மடி' என்று தள்ளியவர் நாமே. அந்தச் சிறு விரல்கள் அங்கே ஏன் இருக்கின்றன என்று ஒருநாளும் கேட்டோமில்லை. செய்யவில்லை, செய்விக்கவில்லை, உடன்பட்டோம். ஒரு குழந்தையின் கையைக் கண்டதும் அது எவ்வளவு நேராக மடிக்கிறது என்று அளக்கும் கண் அங்கேதான் நமக்கு வாய்த்தது. பேத்தியின் கூட்டை இரவில் பிரித்ததும் அதே கண்தான்.

ஆதிபகவன் உலகிற்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் சிற்பமும் ஒன்று. அவர் தம் மகளிர் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் தாமே கற்பித்தார் என்பது நாம் அறிந்த வரலாறு. கற்பித்தவர் தந்தை, கற்றவர் மகளிர். அவர்களுக்காக அவர் கற்றுவிடவில்லை. உபாதானம் வேறு, நிமித்தம் வேறு என்று சாத்திரத்தில் பயின்ற நாம் வீட்டுக்குள் மட்டும் அவ்வேறுபாட்டை மறந்துவிடுகிறோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவீடன் நாட்டில் மரவேலை வழியே கல்வி புகட்டிய ஓட்டோ சாலமன் என்பவரும், மாணவன் செய்யும் பொருளை ஆசிரியர் தம் கையால் தொடலாகாது என்று விதித்திருந்தார்.

எனினும் தொடாமலிருப்பதே அறம் என்று முடித்துவிட முடியாது. பொம்மை வண்டி கோணினால் உருளாது, அவ்வளவே. இதுவோ உயிர் வந்து தங்கும் கூடு. குழந்தையின் மனம் நோகாதிருக்கக் குருவிக்குஞ்சு துன்புறலாமா? இக்கேள்விக்கு நம் பழைய தொழிலே வழி காட்டியது. ஆடைச் சோதனையில் குற்றங்களை மூவகையாகப் பிரிப்பர். பல கம்பெனிகள் கொள்ளும் கணக்கில் சிறு குற்றத்திற்கு 4.0, பெருங்குற்றத்திற்கு 2.5 என்னும் தர அளவுகள் வரை இடமுண்டு. மூன்றாவது வகைக்கு இடமே கிடையாது, அளவு பூச்சியம். குழந்தைகள் ஆடையில் ஒடிந்த ஊசிமுனை தங்கிவிடுதல் இதில் அடங்கும். அதற்கென்றே ஊசி கண்டறியும் இயந்திரத்தின் வழியே அவ்வாடைகளைச் செலுத்துவர். அணிபவரைக் குத்தும் குற்றம் வேறு, பார்ப்பவர் கண்ணை உறுத்தும் குற்றம் வேறு. முப்பது ஆண்டுகள் இவ்விதியைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நம் வீட்டில் இரண்டையும் ஒன்றாக்கினோம்.

மறுவாரம் இன்னொரு பெட்டி வாங்கினோம். இம்முறை நம் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டோம். எளிதன்று, இருமுறை அவை தாமாகவே எழுந்தன. கூரை முன்போலவே சாய்ந்தது, விட்டுவிட்டோம். கூடு முடிந்தபின், பனியன் வேஸ்ட் துண்டு ஒன்றை அவளிடம் கொடுத்து, "குருவி உள்ளே திரும்பிப் படுக்கும் அல்லவா, அதுபோல் இத்துணியை உள்ளே திருப்பிப் பார்" என்றோம். வாயில் துளை 32 மில்லிமீட்டர் அகலமே; அவளுடைய இரண்டு விரல்கள் மட்டும் நுழைந்தன. துணி ஓரிடத்தில் சிக்கியது. குட்டைத் திருகாணி வரவேண்டிய இடத்தில் நெட்டையை முடுக்கியிருந்தாள்; முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. "குருவியைக் குத்துமா?" என்றாள். "குத்தும்" என்றோம். அவளே கழற்றி, அவளே மாற்றினாள். அரைமணி நேரம் ஆயிற்று.

பிறகு, நாம் எதுவும் சொல்லாமலே, துணியை எடுத்துக்கொண்டு நாம் சரிசெய்து மாட்டியிருந்த முதற்கூட்டை நோக்கி ஓடினாள். ஏணி மீது நாம் ஏறி அதனை இறக்கிக் கொடுத்தோம். நேரான கூரை, வழுவழுப்பான பலகை. உள்ளே துணி சிக்கியது. அன்றிரவு வெளிப்புறத்தை மட்டுமே பார்த்திருந்தோம்.

இரு கூடுகளும் இப்போது தாழ்வாரத்தில் தொங்குகின்றன. குருவி இன்னும் வரவில்லை. நம் தெருவில் பனியன் வேலை நடக்கும் வீடுகள் பல. வெட்டிய நூல்முனைகள் காற்றில் பறந்து வந்து வாசலில் படியும். கூட்டுக்குள் கொண்டுசெல்லப்படும் நூல், குஞ்சின் காலில் சுற்றிக்கொள்வதுண்டு என்று எப்போதோ அவளிடம் சொல்லியிருந்தோம். பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையை இறக்காமலே வாசலில் குனிந்து நூல்களைப் பொறுக்குகிறாள். நாம் பொறுக்கி வைத்தவற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்கிறாள்.