உதிர்ந்த பல் யாருக்குரியது?

உடலினின்று உதிர்ந்துபோன ஒன்றின்மேல் மனிதனுக்கு உரிமை உண்டா? வெட்டிய நகத்தையும் மழித்த மயிரையும் எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வினா நகைப்பையே தரும். குழந்தையின் பாற்பல் விழுந்தால் அதனைக் கூரைமேல் எறிந்துவிட்டுப் புதுப்பல் முளைக்கும் நாளை எதிர்நோக்குவது தமிழர் இல்லங்களில் வழிவழி வந்த வழக்கம். எறிந்த பல்லை எவரும் தேடியதில்லை. ஆயினும், அண்மைக்கால அறிவியல் கண்ட உண்மை ஒன்று இவ்வினாவை அறவியலின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகத்தில் ஸ்டான் குரோந்தோஸ், சோங்தாவ் ஷி முதலிய ஆய்வாளர்கள், பிடுங்கப்பட்ட ஞானப்பற்களின் கூழில் குருத்தணுக்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். தானும் பெருகி, வேறுவகை உயிரணுவாகவும் மாறவல்லது குருத்தணு. பின்னர், ஷி தம் சிறு மகளின் விழுந்த பல்லினுள் செந்நிறத் திசு எஞ்சியிருக்கக் கண்டார். பாற்பல்லிலும் குருத்தணு உண்டு என்னும் முடிவு 2003இல் வெளிவந்தது.

ஒருவருடைய உயிரணுக்கள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே மரபுச் செய்தியைத் தாங்குகின்றன. புரதம் ஆக்கும் மரபணுக்கள் மனிதனிடம் ஏறத்தாழ 20,000 உள்ளன. ஆயினும் பல்லின் அணு வேறு. நரம்பின் அணு வேறு. எவ்வணு எப்புரதத்தை எவ்வளவு ஆக்குகிறது என்பதே அவ்வேறுபாட்டைத் தோற்றுவிக்கிறது. ஆகவே ஆய்வாளர் அணுவிலுள்ள புரதங்களைப் பிரித்தெடுத்து, நிறை நிறமாலைமானியால் அளந்து வரிசைப்படுத்துகின்றனர். அவ்வரிசையைப் புரதக்கோலம் எனலாம். மரபணுத் தொகுதி ஒரு நூல் எனின், அந்நூலின் எப்பக்கம் இப்பொழுது படிக்கப்படுகிறது என்பதைப் புரதக்கோலம் காட்டும். உதிர்ந்த பல்லும் இவ்வாறு ஒருவரைப் பற்றிப் பேசுகிறது.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று. சீனாவின் சியான் நகரில் நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிவு 2018இல் வெளிவந்தது. அடிபட்டுக் கூழ் அழிந்த முன்பற்களில், அப்பிள்ளைகளுடைய பாற்பற்களின் குருத்தணுக்களையே வைத்தனர். ஓராண்டில் குருதிக்குழாயும் நரம்பும் கொண்ட கூழ் மீண்டும் வளர்ந்தது. இத்தகைய மருத்துவம் இன்னும் ஆய்வு நிலையையே பெரிதும் சார்ந்திருக்கிறது. எனினும், கட்டணம் பெற்றுப் பற்களின் அணுக்களை உறைநிலையில் காக்கும் நிறுவனங்கள் பல நாடுகளில் தோன்றிவிட்டன. குப்பை என்று எண்ணப்பட்டது செல்வமாயிற்று.

செல்வம் என்றவுடன் உரிமை வழக்கும் எழும். 1976இல் ஜான் மூர் என்பார்க்குக் குருதிப் புற்றுநோயின் பொருட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மண்ணீரல் அகற்றப்பட்டது. அவர் அறியாமலேயே அவருடைய அணுக்களிலிருந்து அணுவழி ஒன்று வளர்க்கப்பட்டு, 1984இல் அதற்குக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. 1990இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் இருபாலும் நோக்கித் தீர்ப்பளித்தது: அகற்றிய அணுக்களை அவர் தம் உடைமை என்று வழக்காட இயலாது, ஆனால், தமக்குள்ள ஆய்வு நோக்கத்தையும் பொருள் நோக்கத்தையும் மருத்துவர் முன்னரே நோயாளிக்கு அறிவித்தல் வேண்டும்.

ஒவ்வொரு துளித் திசுவுக்கும் உரிமையாளரைத் தேடி அலைந்தால் ஆய்வு நின்றுபோகும்; அதனால் நோயுற்றோரே துன்புறுவர் என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், விலை கேட்பது வேறு. இசைவு கேட்பது வேறு. விலை கேளாமலே கொடுக்க மனமுடையோர் உலகில் பலர். அவர்களிடம் கேளாமல் எடுப்பது அவர்களுடைய ஈகையையே பறிப்பதாகும். கொடுத்தவன் வள்ளல், பறிகொடுத்தவனோ வெறும் மூலப்பொருள். பொருள் ஒன்றேயாயினும் மனிதனின் நிலை அங்கே மாறிவிடுகிறது.

குழந்தையின் பல்லில் இவ்வறம் மேலும் நுண்மையடைகிறது. ஆறு வயதுக் குழந்தை புரதக்கோலத்தை அறியாது. அதன் சார்பில் பெற்றோரே கையொப்பமிடுவர். அக்கையொப்பம் உடைமையாளரின் ஆணையன்று, அறங்காவலரின் பொறுப்பு. குழந்தைக்குப் புரியும் சொல்லில் கூறி அதன் விருப்பத்தைக் கேட்டலும், அது வளர்ந்தபின் அம்முடிவை மாற்ற இடம் வைத்தலும் அப்பொறுப்பின் கூறுகளாகும்.

ஒரு பொருளைப் பயனற்றது என்று மனிதன் கூறும்போது பெரும்பாலும் தன் அறியாமையையே கூறுகிறான். நேற்று எறிந்த பல்லில் இன்று மருந்து தெரிகிறது. நாளை எதில் எது தெரியுமோ! ஆதலால் பொருளின் மதிப்பு வெளிப்படும்வரை அறம் காத்திருத்தலாகாது. எடுக்குமுன் கேட்பவன், தான் எடுப்பது குப்பையாயினும் மாணிக்கமாயினும் தவறிழைப்பதில்லை.